ரத்தத்தில் சர்க்கரை குறைவதை உடல் எப்படிக் கண்டுபிடிக்கிறது? சிலருக்கு மட்டும் முன்னறிகுறியே இல்லாமல் மயக்கம் வருவது ஏன்?

நம் உடலில் ஓடும் ஐந்து லிட்டர் ரத்தத்தில் கரைந்திருக்கும் குளுக்கோஸ் மொத்தமே சுமார் 5 கிராம்தான். மூளை மட்டுமே ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய அவ்வளவையும் செலவழித்துவிடும். அதனால் உடல் மிகச் சீக்கிரமே உஷாராகிவிடும்.

முதலில் விழித்துக்கொள்வது, சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலினைச் சுரக்கிற கணையத்தின் பீட்டா செல். உள்ளே வரும் குளுக்கோஸை எரித்துத்தான் அது ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைத் தயாரிக்கிறது. வரத்து குறைந்தால் ஏடிபியும் குறையும். செல் சவ்விலுள்ள பொட்டாசியம் வாயில்கள் திறந்துகொள்ளும். இன்சுலின் சுரப்பு அடங்கும். சர்க்கரை 100 மி.லி. ரத்தத்துக்கு 80 மி.கி.யை ஒட்டி இறங்கும்போதே இது நடந்துவிடுகிறது, நமக்கு எதுவும் தெரியாது. 70-க்குக் கீழே போகும்போது பக்கத்திலுள்ள ஆல்ஃபா செல்கள் சர்க்கரையை ஏற்றும் ஹார்மோனான குளுக்ககானைச் சுரக்க, கல்லீரல் தன் கிளைகோஜன் (சேமித்துவைத்த குளுக்கோஸ்) சேமிப்பை உடைத்து ரத்தத்தில் விடுகிறது. மூளையின் ஹைப்போதலாமஸும் கல்லீரலுக்குப் போகும் போர்ட்டல் சிரையிலுள்ள உணரிகளும் தகவல் கொடுக்க, அட்ரினலினும் சேர்ந்துகொள்கிறது. கார்ட்டிசால், வளர்ச்சி ஹார்மோன் எல்லாம் நிதானமாக, மணிக்கணக்கில் வேலை செய்பவை. 55 வாக்கில்தான் வியர்வை, படபடப்பு, கை நடுக்கம், அகோரப் பசி. 50-க்குக் கீழே பேச்சு குழறும், புத்தி தடுமாறும்.

இனி இரண்டாவது கேள்வி. ஊசியில் போட்ட இன்சுலினை உடலால் நிறுத்த முடியாது; முதல் தடுப்பு அங்கேயே போயிற்று. டைப் 1 நோயாளிகளுக்குச் சில ஆண்டுகளில் குளுக்ககான் பதிலும் மங்கிவிடும். மிச்சம் அட்ரினலின். அடிக்கடி லோ சுகர் வந்தால் மூளை அதற்குப் பழகி, அட்ரினலினையும் தாமதமாகவே கூப்பிடும்; அதனால் படபடப்பு, நடுக்கம் போன்ற முன்னறிகுறிகளும் வராது. 45-இல் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பவர் அடுத்த நிமிடம் சரிவது இப்படித்தான். "எனக்கு ஒண்ணும் செய்யல" என்று அவர் சொல்வதை நம்பாதீர்கள், மீட்டரை நம்புங்கள். மருத்துவர் உதவியோடு இரண்டு மூன்று வாரம் லோ வராமல் பார்த்துக்கொண்டால் பலருக்கு உணர்வு திரும்புகிறது. ரத்த அழுத்தம், இதய நோய்க்கான பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் மறைந்துபோகும், வியர்வை மறையாது. அதைக் கவனியுங்கள்.

70-க்குக் கீழ் என்றால் 15 கிராம் குளுக்கோஸ், அல்லது நான்கு தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவும். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதித்து, ஏறாவிட்டால் இன்னொரு 15 கிராம். சாக்லேட் வேண்டாம், அதன் கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். அகார்போஸ் என்ற நீரிழிவு மாத்திரை சாப்பிடுபவருக்குச் சாதாரணச் சர்க்கரை சட்டென்று உடையாது, குளுக்கோஸேதான் வேண்டும்.

நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, குளுக்ககான் ஊசி இருந்தால் போட்டு, உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். வெறும் வயிற்றில் மது அருந்தியவரிடம் அந்த ஊசி பலிக்காமல் போகலாம். கல்லீரலில் சேமிப்பு தீர்ந்திருக்கும், புதிதாகக் குளுக்கோஸ் தயாரிப்பதையும் மது தடுத்திருக்கும். அவருக்கு ரத்தக்குழாயில் ஏற்றும் குளுக்கோஸ்தான் வழி.