அரைச் சுற்றோடு நிற்கும் எஞ்சின்: ரைடிங் மோவர் கேள்வி பதில்

கேள்வி: உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் வண்டி (ரைடிங் மோவர்). எஞ்சின் ஒற்றை சிலிண்டர், ஓவர்ஹெட் வால்வு, 17.5 குதிரைத்திறன். சாவியைத் திருப்பினால் அரைச் சுற்று சுற்றி முட்டிக்கொண்டு நிற்கிறது. பேட்டரி, ஸ்டார்ட்டர் இரண்டையும் மாற்றிவிட்டேன்.

பதில்: ஸ்டார்ட்டர் விற்பவர்களுக்கு இந்தக் கோளாறுதான் தீபாவளி. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அதன் வயரைத் தள்ளி வைத்துவிட்டுச் சுற்றிப் பாருங்கள். சுலபமாகச் சுற்றினால் டேப்பெட் இடைவெளியை, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கர் கைக்கும் நடுவே உள்ள சிறு இடைவெளியைத்தான் சந்தேகப்பட வேண்டும். அவ்வளவு பெரிய பிஸ்டனை முழு அழுத்தத்துக்கு எதிராகத் தள்ள அந்தச் சின்ன மோட்டாரால் ஆகாது. அதற்காகவே, மெதுவாகச் சுற்றும்போது மட்டும் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டில் ஒரு சிறு மேடு வெளியே வந்து, ஒரு வால்வை மயிரிழை தூக்கி அழுத்தத்தைக் கொஞ்சம் கசியவிடும். இடைவெளி கூடிப்போனால் அந்தத் தூக்கல் வால்வு வரை வந்து சேராது.

பிளக் துளையில் ஒரு ஸ்ட்ராவை விட்டு, கையால் சுற்றுங்கள். இரண்டு வால்வும் மூடிய நிலையில் பிஸ்டன் உச்சிக்கு வந்து, கால் அங்குலம் இறங்கியதும் நிறுத்துங்கள். சரியாக உச்சியில் வைத்து அளந்தால் அந்த மேடே அளவைக் கெடுத்துவிடும். இவ்வகை எஞ்சின்கள் பலவற்றில் இன்டேக் (உள்ளிழுக்கும்) வால்வுக்கு 0.003 முதல் 0.005 அங்குலம், எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்) வால்வுக்கு 0.005 முதல் 0.007. உங்கள் மாடலின் கையேட்டையும் பார்த்துவிடுங்கள். இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் தகடு லேசாக உரசிக்கொண்டு வர வேண்டும். லாக் நட்டை இறுக்கிய பிறகு மறுபடி அளக்க மறக்காதீர்கள், அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

கேள்வி (அதே நண்பர்): பிளக்கைக் கழற்றியதும் பெட்ரோல் பீய்ச்சியடித்தது!

பதில்: அப்படியானால் கதையே வேறு. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஊசி வால்வு கசிந்து சிலிண்டரை நிரப்பியிருக்கிறது. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் ஆயிலை மாற்றாமல் ஓட்டவே கூடாது. முதலில் ஊசி வால்வைச் சரிசெய்யுங்கள், டேப்பெட் அப்புறம்.

கேள்வி: 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

பதில்: ஓய்வில் இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். சாவியைத் திருப்பும்போது 9க்குக் கீழே சரிந்தால் பேட்டரி போச்சு. சரியாமல் நின்றால் ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் விடும் சொலினாய்டையும், சேசிஸில் எர்த் வயர் பிடிக்கும் போல்ட்டையும் பாருங்கள். துரு இருந்தால் சுரண்டி இறுக்குங்கள்.

கேள்வி: குளிர்காலம் முழுக்க ஷெட்டில் கிடந்தது. நன்றாகச் சுற்றுகிறது, பற்றவில்லை.

பதில்: பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் பெட்ரோலைத் திறந்துவிடும் இன்னொரு சொலினாய்டு இருந்தால், சாவி போட்டதும் அதிலிருந்து 'கிளிக்' கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பெட்ரோல் மேலே ஏறாது. அது சரியாக இருந்தும் பற்றாவிட்டால் பிளக்கில் பொறி வருகிறதா பாருங்கள். வராவிட்டால், சீட்டில் ஆள் இல்லாதபோது எஞ்சினை நிறுத்த, சீட்டுக்கு அடியில் உள்ள சுவிட்சைப் பாருங்கள். எலிகளுக்கு அந்த வயர் மேல் தனிப் பிரியம்.

கேள்வி: அரை மணி நேரம் ஓடி நின்றால், ஆறும் வரை ஸ்டார்ட் ஆகாது.

பதில்: நின்றவுடன் டேங்க் மூடியைத் திறங்கள். 'ஸ்ஸ்' என்று காற்றை இழுத்தால் மூடியின் மூச்சுத்துளை அடைத்திருக்கிறது. இல்லையென்றால் சூட்டோடு சூடாகப் பொறியைச் சோதியுங்கள். பொறி இல்லாவிட்டால் பொறியை உண்டாக்கும் இக்னிஷன் காயிலை மாற்றுங்கள். ஆறிய பிறகு சோதித்தால் எல்லாம் நல்லபடியாகத்தான் தெரியும்.