சேலை போட்டோவுல இல்லாத கோடு எங்கிருந்து வருது?

கேள்வி: ஈரோட்டுல ஜவுளிக்கடை வெச்சிருக்கோம் சார். பொடிக்கட்டம் போட்ட காட்டன் சேலைய போட்டோ எடுத்து 6000 பிக்சல்ல இருந்து 600க்கு குறைச்சா, சேலையில இல்லவே இல்லாத பட்டைக்கோடு வருது, வாங்குனவங்க போட்டோவுல பாத்தது இது இல்லன்னு திருப்பி அனுப்புறாங்க. கடை போன்ல ஓடுற குரலையும் 48 கிலோஹெர்ட்ஸ்ல இருந்து 8க்கு பையன் ப்ரோகிராம் எழுதி குறைச்சான், கரகரன்னு கேக்குது. என்ன பண்ணலாம்?

பதில்: ரெண்டும் ஒரே வியாதிதாங்க, ஏலியாஸிங்னு பேரு, அதாவது நடுவுல உள்ளத விட்டுட்டு குறைக்கிறப்ப இல்லாத ஒண்ணு புதுசா முளைக்கிறது. சேலையில ஒரு கட்டம் 11 பிக்சல்னு வெச்சுக்கங்க. சாஃப்ட்வேர் பத்து பிக்சலுக்கு ஒண்ண மட்டும் பொறுக்கிட்டு மிச்சத்த தூக்கிப் போட்டா, ஒவ்வொரு தடவையும் கட்டத்துக்குள்ள ஒரு பிக்சல் நழுவி நழுவி விழுந்து பத்து கட்டம் தாண்டுனப்புறம்தான் பழைய இடத்துக்கே வரும், அதனால அந்த பத்து கட்டமும் சேந்து ஒரே தடிப் பட்டையா நிக்குது. அது வந்தப்புறம் எந்த ஃபில்டர் போட்டாலும் சுத்தமா போகாது, ஏன்னா நிஜக் கட்டம் எது பொய்ப் பட்டை எதுன்னு அந்த 600 பிக்சலுக்குள்ள தகவலே இல்ல.

அதனால குறைக்கிறதுக்கு முன்னாடியே மங்கலாக்கணும். பெரிய படத்துல நாலஞ்சு பிக்சல் அளவுக்கு காஸியன் ப்ளர் (படத்த மங்கலாக்குற ஃபில்டர்) குடுத்துட்டு அப்புறமா சின்னதாக்குங்க, கடைசியில லேசா ஷார்ப்பன் பண்ணிக்கலாம். கிம்ப்ங்கிற போட்டோ சாஃப்ட்வேர்ல ஸ்கேல் பண்றப்ப இன்டர்பொலேஷன்ங்கிற (Interpolation) இடத்துல 'நன்'னு (None) இருந்தா மொதல்ல அத மாத்துங்க. கட்டம் மங்கிப் போகுமேன்னு தோணும், ஆனா அவ்ளோ பொடிக்கட்டத்துக்கு 600 பிக்சல்ல இடமே கிடையாது, அதக் காட்ட தனியா ஒரு க்ளோஸப் எடுத்துப் போடுங்க.

குரலுக்கும் இதேதான். 8 கிலோஹெர்ட்ஸ்னா குரல நொடிக்கு 8000 தடவை அளந்து எடுக்குறது, ஒவ்வொரு அளவும் ஒரு சாம்பிள். அதுல பாதி, அதாவது 4 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழ உள்ள சத்தம்தான் நிக்கும், ஷானன்ங்கிற கணித அறிஞர் 1949லயே எழுதுன கணக்கு இது. பையன் ஆறு சாம்பிளுக்கு ஒண்ணுன்னு நேரா எடுத்திருப்பான், அதான் 'ஸ', 'ஷ' சத்தத்துல இருக்குற 5 கிலோஹெர்ட்ஸ் மடங்கி 3ல வந்து விழுது, 6 வந்து 2ல விழுது. மொதல்ல 3.4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல உள்ளத லோ பாஸ் ஃபில்டர்ல (கீழ் சத்தத்த மட்டும் விடுற ஃபில்டர்) வெட்டிட்டு அப்புறம் குறைக்கச் சொல்லுங்க. ஆடாசிட்டிங்கிற ஆடியோ சாஃப்ட்வேர்ல ரீசாம்பிள் பண்ணா இந்த ஃபில்டர அதுவே போட்டுக்கும்.

இன்னொண்ணு, ஒரிஜினல் போட்டோவ 100 சதவீதத்துல வெச்சுப் பாருங்க, அதுலயே அலை மாதிரி பட்டை இருந்தா கேமராவுலயே விழுந்திருக்கு. ரெண்டடி தள்ளி நின்னோ, சேலைய கொஞ்சம் சாய்ச்சு வெச்சோ திரும்ப எடுங்க.