வேறு துறையில் பட்டம் முடித்தவர் மியூசிக்கல் தியேட்டரில் (பாட்டு, நடனம், நடிப்பு மூன்றும் கலந்த மேடை நாடகம்) முதுகலை படிக்கலாமா? ஒரு வருடத்தில் என்ன சொல்லித்தருவார்கள்?

படிக்கலாம். ஆனால் பாடவே வராதவரைப் பாடகராக்கும் படிப்பு இல்லை இது. லண்டனில் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக், மவுண்ட்வியூ, கிளாஸ்கோவில் ராயல் கன்சர்வேட்வார் ஆஃப் ஸ்காட்லாந்து என்று எங்கே போனாலும் முதுகலை ஏறக்குறைய ஒரு வருடம்தான், அதனால் குரல் ஏற்கெனவே ஓரளவு பழகியிருக்கிறதா என்று ஆடிஷனிலேயே பார்த்துவிடுவார்கள்.

வகுப்பில் முக்கியமானது பாட்டுக்குள் நடிப்பது. மெட்டை எடுத்துவிட்டு வரிகளை மட்டும் எதிரில் நிற்பவரிடம் பேச்சாகச் சொல்லச் சொல்வார்கள். இந்த ஆள் ஏன் இந்த நொடியில் பேச்சை விட்டுப் பாட ஆரம்பிக்கிறான், நடுவில் வெறும் இசை வரும் நான்கு பார்களில் (பார் என்பது இசையில் ஒரு தாள அளவு) அவன் மனசில் என்ன ஓடுகிறது என்று கேட்டுக் குடைவார்கள். நல்ல குரல் உள்ளவர்கள்தான் இங்கே அதிகம் தடுமாறுவார்கள், குரல் காப்பாற்றிவிடும் என்று நம்பியே வந்திருப்பார்கள் பாருங்கள்.

அப்புறம் நடனம், மூச்சு. லண்டனின் பெரிய தியேட்டர்கள் இருக்கும் வெஸ்ட் எண்டில் வழக்கமாக வாரத்துக்கு 8 காட்சிகள், ஆடி முடித்த கையோடு மேல் ஸ்வரத்தைப் பிடிக்கணும், மறுநாளும் தொண்டை இருக்கணும்.

சின்ன விஷயங்களும் உண்டு. ஆடிஷனுக்குப் பாட்டை 16 பாராக வெட்டி, தாளில் தொடக்கமும் முடிவும் குறித்து பியானோக்காரரிடம் கொடுத்து, வேகம் என்ன என்று மெல்லிய குரலில் பாடிக் காட்டணும். அவர் முகத்துக்கு நேரே விரலைச் சொடுக்கக் கூடாது!

வெளிநாட்டு மாணவர் கட்டணம் அதிகம், விண்ணப்பிக்கும் முன்பே கணக்குப் போட்டுவிடுங்கள்.