டீசல் சிதையும், குரோமியம் சிதையாது

எங்களுக்குப் பாலாற்றோரம் இரண்டு ஏக்கர். தோல் பதனிடும் ஆலைக் கழிவுநீர் பாய்ந்த நிலம். குரோமியத்தைத் தின்னும் பாக்டீரியா என்று பாட்டிலில் விற்கிறார்கள். வாங்கலாமா?

வாங்காதீர்கள். குரோமியம் ஒரு தனிமம். எந்த நுண்ணுயிராலும் அதைத் தின்று தீர்க்க முடியாது. நீரில் கரைந்து நிலத்தடிக்குப் போகும் நச்சான ஆறு இணைதிறன் (Cr VI) குரோமியத்தை, எளிதில் கரையாத மூன்று இணைதிறன் வடிவமாகச் சில பாக்டீரியாக்கள் மாற்றும். அவ்வளவுதான். அதற்கும் தொழு உரம், வெல்லப்பாகு என்று தீனி போட வேண்டும்.

இன்னொன்று: தோல் பதனிடப் பயன்படுவதே பெரும்பாலும் மூன்று இணைதிறன் உப்புதான். ராணிப்பேட்டையில் மூடிய குரோமேட் ஆலையின் கழிவுக் குவியல் விஷயம் வேறு. அங்கே சிக்கலே ஆறு இணைதிறன்தான். உங்கள் மண்ணில் எது எவ்வளவு என்று முதலில் சோதியுங்கள். அப்படியே மண்ணின் உப்பளவைக் காட்டும் மின்கடத்துதிறனையும் பார்த்துவிடுங்கள். தோல் கெடாமலிருக்கப் போடும் சமையல் உப்புதான் பயிரை முதலில் சாய்க்கும்.

நொய்யல் பக்கம் சாயக் கழிவால் உப்பேறிய நிலத்துக்கு?

உப்பைத் தின்னவும் நுண்ணுயிர் கிடையாது. நல்ல தண்ணீரும் வடிகாலும் இருந்தால்தான் உப்பு இறங்கும். கார அமிலத்தன்மை (pH) 8.5-ஐத் தாண்டிய, சோடியம் மிகுந்த களர் என்றால் ஜிப்சமும் வேண்டும். அப்புறம் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுங்கள். உயிரியல் உதவி என்றால் இங்கே அதுதான்.

மோட்டார் கொட்டகையில் ஒரு கேன் டீசல் கொட்டிவிட்டது.

இது நுண்ணுயிருக்குப் பிடித்த வேலை. நனைந்த மண்ணை அள்ளி, கிணற்றிலிருந்து தள்ளி, தார்ப்பாயின் மேல் ஒரு அடிக்கும் குறைவான உயரத்தில் பரப்புங்கள். தொழு உரம், கொஞ்சம் யூரியா, டிஏபி கலந்து, மழை படாமல் மூடி, ஈரம் காயாமல் வாரம் ஒருமுறை புரட்டுங்கள். சில மாதங்களில் வாடை அடங்கும். பாக்டீரியா வாங்க வேண்டாம், மண்ணிலேயே இருக்கிறது. அதற்குக் குறைவது தழைச்சத்தும் மணிச்சத்தும்தான். 1989-இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் எண்ணெய் கொட்டியபோதும் கரையில் உரம்தான் தெளித்தார்கள். பழைய இன்ஜின் ஆயிலுக்கு இது முழுத் தீர்வல்ல; அதில் உலோகங்களும் இருக்கும்.

விஞ்ஞானி ஆனந்த சக்கரவர்த்தி ஆய்வகத்தில் உருவாக்கிய எண்ணெய் தின்னும் பாக்டீரியா எங்கே கிடைக்கும்?

எங்கும் கிடைக்காது. 1980-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதற்குக் காப்புரிமை தரலாம் என்றது; வழக்கில் பெற்ற புகழோடு சரி.

காரீயம் கலந்த மண்ணில், அதை உறிஞ்சி எடுக்கக் கடுகு போட்டிருக்கிறோம். தழையை ஆட்டுக்குப் போடலாமா?

கூடவே கூடாது! மண்ணிலிருந்து உறிஞ்சிய காரீயம் பெரும்பாலும் வேரில் தங்கினாலும், தழையிலும் இருக்கும். உரக்குழியிலும் போடாதீர்கள், எரிக்கவும் வேண்டாம். சாம்பலில் காரீயம் அப்படியே நிற்கும். அறுத்ததை அபாயக் கழிவாகத்தான் ஒப்படைக்க வேண்டும்.