கூட வாழும் துணைக்கு ஃபெடரல் வேலையில் என்னென்ன கிடைக்கும்?

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஒரு ஃபெடரல் (அமெரிக்க மத்திய அரசு) அலுவலகத்தில் 12 வருடமாக வேலை பார்க்கிறேன். நானும் என் துணைவியும் (இருவரும் பெண்கள்) மாநிலத்தில் டொமஸ்டிக் பார்ட்னர்களாகப் பதிவு செய்திருக்கிறோம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஊரில் இருவர் வீட்டுக்கும் விஷயம் தெரியாது. என் மெடிக்கல் இன்சூரன்ஸில் அவரைச் சேர்க்க முடியுமா? எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் பென்ஷன் அவருக்குப் போகுமா?

பதில்: இன்சூரன்ஸில் சேர்க்க முடியாது. பென்ஷனும் தானாகப் போகாது. ஆனால் இன்றே நீங்கள் செய்யக்கூடியவை சில இருக்கின்றன. அதில் பாதியைப் பலர் செய்யாமலே விட்டுவிடுகிறார்கள்.

மாநில அரசில் வேலை செய்யும் தோழி யாராவது ‘எனக்குக் கிடைக்கிறதே’ என்று சொல்லியிருக்கலாம். அவர் சொன்னதும் சரிதான். கலிஃபோர்னியா மாநில ஊழியர்களுக்கான கால்பெர்ஸ் திட்டம் பதிவு செய்த பார்ட்னரை ஏற்கிறது. உங்கள் முதலாளி ஃபெடரல் அரசு. மாநிலப் பதிவு அதைக் கட்டுப்படுத்தாது. ஃபெடரல் மெடிக்கல் இன்சூரன்ஸும் (எஃப்.இ.எச்.பி.) பென்ஷனும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இயற்றிய சட்டத்தில் வருபவை. அங்கே கணவன் அல்லது மனைவிக்கும் பிள்ளைகளுக்கும்தான் இடம். ஒபாமா 2009-லும் 2010-லும் போட்ட உத்தரவுகள், சட்டத்தைத் தொடாமல் நிர்வாகம் கொடுக்கக்கூடியதை மட்டும் பார்ட்னர்களுக்குத் திறந்துவிட்டன. மீதியையும் கொடுக்கக் கொண்டுவந்த மசோதா நிறைவேறவில்லை. ஒரே பால் திருமணம் பற்றி உச்ச நீதிமன்றத்தில் 2013-ல் வின்ட்ஸர் தீர்ப்பும் 2015-ல் ஓபர்கெஃபெல் தீர்ப்பும் வந்தபின், சட்டப்படி மணந்த ஒரே பால் தம்பதிக்கு எல்லாச் சலுகையும் உண்டு. மணக்காதவர்கள் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டார்கள்.

அந்த உத்தரவுகளால் உங்களுக்குக் கிடைப்பதில் முக்கியமானது லீவு. துணைவிக்கோ அவருடைய பெற்றோருக்கோ உடம்பு சரியில்லை என்றால் உங்கள் சிக் லீவை எடுக்கலாம்: சாதாரண நோய்க்கும் இறுதிச் சடங்குக்கும் வருடத்துக்கு 104 மணி நேரம், கடுமையான நோய் என்றால் மொத்தம் 480 மணி நேரம் வரை. அலுவலகம் உறவுக்கு ஆதாரம் கேட்கலாம். ஒரே வீட்டில் வாழ்வது, செலவைப் பகிர்வது ஆகியவற்றைக் காட்டும் காகிதங்களோடு மாநிலப் பதிவும் இங்கே உதவும். குடும்ப, மருத்துவ லீவுச் சட்டப்படி (எஃப்.எம்.எல்.ஏ.) வரும் சம்பளமில்லா 12 வார லீவு மட்டும் பார்ட்னருக்காகக் கிடையாது.

அடுத்தது வாரிசு நியமனம். நான் அதிகம் வற்புறுத்துவது இதைத்தான். உங்கள் ஆயுள் காப்பீடு (எஃப்.இ.ஜி.எல்.ஐ.), டி.எஸ்.பி. என்ற ஓய்வுக்காலச் சேமிப்பு, பென்ஷனுக்குக் கட்டிய பணம், கடைசி மாதச் சம்பளம் ஆகிய நான்கையும் யார் பெயருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். எதுவும் எழுதாவிட்டால் முதலில் கணவன் அல்லது மனைவி, பிறகு பிள்ளைகள், பிறகு பெற்றோர் என்ற வரிசைப்படி பணம் போகும். உங்கள் விஷயத்தில், பிள்ளைகள் இல்லையென்றால், அது ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்குப் போய்ச் சேரும். துணைவிக்கு ஒரு டாலர்கூட வராது. உயில் எழுதிவிட்டேன் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். காப்பீடும் டி.எஸ்.பி.யும் உயிலைப் பார்ப்பதில்லை.

நிரப்ப வேண்டிய படிவங்கள்: காப்பீட்டுக்கு எஸ்.எஃப். 2823, பென்ஷன் பணத்துக்கு எஸ்.எஃப். 3102 (நீங்கள் எஃப்.இ.ஆர்.எஸ். என்ற ஃபெடரல் பென்ஷன் திட்டத்தில் இருந்தால்), சம்பள பாக்கிக்கு எஸ்.எஃப். 1152. டி.எஸ்.பி.க்கு அதன் இணையக் கணக்கிலேயே பெயர் கொடுக்கலாம். 2823-ல் இரண்டு சாட்சிகள் வேண்டும். பணம் பெறப்போகிறவர் சாட்சியாக இருக்கக் கூடாது. நீங்கள் உயிரோடு இருக்கும்போதே படிவம் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். மேஜை டிராயரில் கிடந்தால் பயனில்லை.

பழைய படிவம் ஏதும் இருக்கிறதா என்றும் பாருங்கள். வர்ஜீனியாவில் ஒரு ஃபெடரல் ஊழியர் முதல் மனைவி பெயரை எழுதினார். விவாகரத்து ஆகி மறுமணமும் செய்துகொண்டார். படிவத்தை மட்டும் மாற்றவில்லை. அவர் இறந்தபின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2013-ல் தீர்ப்பு முதல் மனைவி பக்கம்தான். படிவத்தில் இருந்த பெயர் அவருடையது, அவ்வளவுதான்.

பென்ஷனுக்கு வருவோம். மணக்காமலும் ஒரு வழி இருக்கிறது. நல்ல உடல்நிலையோடு ஓய்வு பெறும்போது, உங்கள் பென்ஷனில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, உங்களுக்குப் பின் துணைவிக்கு மாதப் பணம் வரும்படி செய்யலாம். அவர் உங்கள் வயதை ஒட்டியவர் என்றால் 10 சதவீதம் குறையும். உங்களைவிட 30 வயது இளையவர் என்றால் 40 சதவீதம்வரை குறையும். மருத்துவச் சான்றும் காட்ட வேண்டும். இதில் பெரிய ஓட்டை: வேலையில் இருக்கும்போதே நீங்கள் இறந்தால் இந்த வழி இல்லை. அதே நிலையில் மணந்த துணைக்கு, உங்களுக்குப் பத்து வருட சர்வீஸ் இருந்தால், பென்ஷனில் பாதி மாதந்தோறும் வரும். உங்களுக்குத்தான் 12 வருடம் ஆகிவிட்டதே. மணந்து ஒன்பது மாதமாவது ஆகியிருக்க வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை (விபத்து என்றால் விலக்கு உண்டு).

அதனால் பணக் கணக்கு மட்டும் பார்த்தால் கல்யாணம்தான் சிறந்த வழி. செலவும் இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்: டி.எஸ்.பி.யில் கடன் எடுக்கவே அவர் கையெழுத்து தேவைப்படும், பிரிந்தால் பென்ஷனும் பங்கிடப்படலாம்.

வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் உங்களைத் தடுத்தால், கலிஃபோர்னியாவில் ரகசியத் திருமண லைசென்ஸ் என்று ஒன்று இருக்கிறது. ஏற்கெனவே சேர்ந்து வாழும் இருவர் அதை எடுக்கலாம். அந்தப் பதிவு பொதுப் பார்வைக்கு வராது. நகல் உங்கள் இருவருக்கு மட்டும்தான், மற்றவர்களுக்கு நீதிமன்ற உத்தரவு வேண்டும். அந்த நகலை எச்.ஆர்.-இடம் கொடுத்தால் போதும். மணந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் இன்சூரன்ஸை ‘செல்ஃப் ப்ளஸ் ஒன்’ (நீங்களும் இன்னொருவரும்) ஆக மாற்றிவிடுங்கள். தவறவிட்டால் இன்சூரன்ஸை மாற்ற வருடக் கடைசியில் எல்லோருக்கும் திறக்கும் ஓப்பன் சீசன் வரை காத்திருக்க வேண்டியதுதான்.