வீட்டுக்கு ஓவர்லாக் மெஷின் வாங்கலாமா, சாதா தையல் மெஷினே போதுமா?

ஓவர்லாக் என்றால் துணியின் ஓரத்தை வெட்டிக்கொண்டே நூலால் பின்னி மூடுகிற மெஷின். பனியன் துணி தைக்கிறீர்களா? ஆம் என்றால் வாங்குங்கள். ஜாக்கெட், பாவாடை, எப்போதாவது ஒரு சுடிதார் என்ற அளவில்தான் என்றால் வேண்டாம், தெருமுனை டெய்லரிடம் கொடுத்து ஓரம் அடித்துக்கொள்ளுங்கள். ஆனால் நான் வாங்கியது இப்படியெல்லாம் யோசித்து இல்லை, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

பெரம்பூரில் மூன்றாவது மாடி ஃபிளாட். அம்மாவின் கறுப்புக் கால்மிதி மெஷின் எனக்கு வந்தது, பத்து வருடமாக அதில்தான் தைக்கிறேன். தைத்ததையெல்லாம் கட்டைப்பையில் போட்டு எங்கள் தெரு டெய்லர் பாயிடம் கொண்டுபோவேன். ஜாக்கெட்டுக்கு 10 ரூபாய், சுடிதாருக்கு 30, பக்கத்தில் நிற்க வைத்தே அடித்துக் கொடுத்துவிடுவார். தீபாவளிக்கு முந்தின மூன்று வாரம் மட்டும் பாயைப் பிடிக்க முடியாது, பிடித்தாலும் "நாளைக்கு வாம்மா"தான். அந்த எரிச்சலில் ஒரு வருடம் போனஸ் பணத்தில் 19,000 ரூபாய் கொடுத்து நாலு நூல் ஓவர்லாக் மெஷின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அம்மா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏன்டி, பிசிறு வெட்ட ஒரு மெஷினா?" என்றார்.

பிசிறுக்கு மட்டும் என்றால் அம்மா சொன்னது சரிதான். அதற்கு ஜிக்ஜாக் இருக்கிற எந்த மெஷினும் போதும், கொஞ்சம் மெதுவாக நடக்கும், அவ்வளவுதான்.

இந்த மெஷினில் அடிநூல் சுற்றுகிற பாபின் கிடையாது. அதற்குப் பதில் லூப்பர், அதாவது நூலைக் கொண்டுபோய் வளையம் போடுகிற கொக்கி. ஊசி நூல் இரண்டு, மேல் லூப்பர் நூல் ஒன்று, கீழ் லூப்பர் நூல் ஒன்று. பக்கத்தில் ஒரு கத்தி துணியின் விளிம்பை வெட்டிக்கொண்டே போக, வெட்டின இடத்தை லூப்பர்கள் பின்னி மூடிவிடும். பின்னல் என்று சும்மா சொல்லவில்லை, இதன் பூர்வீகமே குரோஷாதான். அமெரிக்காவில் மெரோ என்ற குடும்பத்தினர் பின்னல் துணிக்கு விளிம்பில் குரோஷா போட மெஷின் செய்து, அதிலிருந்துதான் 1881-இல் ஓவர்லாக்குக்கு வந்தார்கள். அதனால்தான் இந்தத் தையல் துணியோடு சேர்ந்து இழுபடுகிறது. சாதா மெஷினில் தைத்த டிஷர்ட்டில் தலையை நுழைத்ததும் கழுத்தில் 'படக்' என்று ஒரு சத்தம் கேட்குமே, அது இதில் கேட்காது.

சரி, நூல் கோர்க்கிற கதைக்கு வருகிறேன். பாதிப் பேர் இந்த மெஷினை வாங்கி பீரோ மேல் ஏற்றிவிடுவது இதனால்தான். கடையில் எல்லா நூலும் கோர்த்து வைத்த மெஷினில் ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டினார்கள், வெண்ணெய் மாதிரி போனது. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் கீழ் லூப்பர் நூல் அறுந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுக்கியால் ஒருவழியாகக் கோர்த்தேன். நாலு தையல் போட்டதும் அறுந்தது. மறுபடி கோர்த்தேன், மறுபடி அறுந்தது. இரண்டு சாயங்காலம் இப்படியே போனது. மெஷினே கோளாறு என்று முடிவு செய்து மெக்கானிக்கை வரவழைத்தேன். அவர் திருப்புளியைக்கூட வெளியே எடுக்கவில்லை. "கீழ நூல் அறுந்தா முதல்ல ஊசி நூலை உருவிடணும்மா, லூப்பரைக் கோர்த்துட்டு கடைசியா ஊசி" என்று சொல்லிவிட்டு காபி குடித்துவிட்டுப் போனார், 300 ரூபாய். விஷயம் இதுதான்: ஊசி நூல் ஏற்கனவே கீழ் லூப்பரைச் சுற்றிக்கொண்டு கிடக்கும், அதன்மீது கீழ் லூப்பர் நூலைப் போட்டால் இரண்டும் சிக்கி அறுந்தே தீரும். மேல் லூப்பர், கீழ் லூப்பர், கடைசியில் ஊசிகள். இந்த வரிசை மனதில் ஏறிவிட்டால் பயம் போய்விடும்.

கலர் மாற்ற இவ்வளவு பாடு வேண்டாம். பழைய நூலைக் கோன் பக்கத்தில் வெட்டி, புது நூலை அதோடு முடிச்சுப் போட்டு, டென்ஷனை, அதாவது நூலின் இறுக்கத்தை, பூஜ்யத்தில் வைத்து இழுத்தால் வந்துவிடும். ஊசிக்காதில் மட்டும் முடிச்சு நுழையாது, அங்கே வெட்டிக் கையால் கோருங்கள். அப்புறம், துணிக்குத் துணி நாலு கோனும் மாற்றத் தேவையில்லை. வெளிப்பக்கம் எட்டிப் பார்ப்பது இடது ஊசி நூல் மட்டும்தான், அதை மாற்றினால் போதும். என்னிடம் லூப்பருக்கு வெள்ளை, கறுப்பு, சந்தனக் கலர் மட்டுமே இருக்கின்றன. நூல் செலவு அதிகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு மீட்டர் தையலுக்கு சாதா மெஷின் இரண்டரை மூன்று மீட்டர் நூல் எடுக்கும், நாலு நூல் ஓவர்லாக் சுமார் 15 முதல் 18 மீட்டர் வரை தின்னும். சின்ன நூல்கண்டு வாங்கி இதற்குக் கட்டுப்படியாகாது, கோன்தான்.

டென்ஷன் பழக ஒரு வழி, நாலு நூலையும் நாலு கலரில் போட்டுக்கொள்வது. இரண்டு லூப்பர் நூலும் துணியின் விளிம்பில் சரியாகச் சந்திக்க வேண்டும். மேல் லூப்பர் நூல் அடிப்பக்கம் இறங்கித் தொங்கினால் மேல் லூப்பர் நூலை இறுக்குங்கள் அல்லது கீழ் லூப்பர் நூலைத் தளர்த்துங்கள். தைத்த இரண்டு துணியையும் விரித்துப் பிடித்தால் நடுவில் ஏணிப்படி மாதிரி தெரிகிறதா, ஊசி நூல் தளர்வு. எந்த நூல் சேட்டை செய்கிறது என்பதைக் கலரே காட்டிக்கொடுக்கும்.

ஜாக்கெட்டுக்கு வேண்டாம் என்று ஏன் சொன்னேன் என்றால், நாம் ஜாக்கெட்டில் பக்கவாட்டில் ஒன்றரை இஞ்ச் உள்துணி விட்டுத் தைக்கிற ஆட்கள். உடம்பு போட்டால் ஒரு தையல் பிரித்துக்கொள்ளலாம், தங்கைக்கும் கொடுக்கலாம். நேரடியாக ஓவர்லாக்கில் சேர்த்து அடித்தால் கத்தி அத்தனையையும் வெட்டித் தள்ளிவிடும், அப்புறம் பிரிக்க என்ன இருக்கிறது? சாதா மெஷினில் தைத்துவிட்டு, உள்துணியின் ஓரத்தை மட்டும் கத்தி லேசாக உரசுகிற மாதிரி அடிக்கலாம். அதைத்தான் பாய் 10 ரூபாய்க்குச் செய்கிறாரே.

மெஷினின் அருமை தெரிந்தது எம்.சி. ரோட்டில் பனியன் துணி வாங்கிக் குழந்தைகளுக்கு நைட் டிரஸ் தைத்தபோதுதான். டிஃபரன்ஷியல் ஃபீட் என்று ஒரு குமிழ் இருக்கும், பார்த்தே வாங்குங்கள். ஒன்றுக்கு மேல் வைத்தால் இழுபடும் துணி பொரித்த அப்பளம் மாதிரி நெளியாமல் தட்டையாக வரும். ஒன்றுக்குக் கீழே இறக்கினால் ஷிபான் சுருங்காமல் ஓடும். துப்பட்டாவுக்கு ஓரத்தை மெலிசாகச் சுருட்டி அடிக்கிற ரோல்டு ஹெம் இதிலேயே வரும், இடது ஊசியைக் கழற்றிவிட்டுத் தையல் நீளத்தைக் குறைக்க வேண்டும். ஆனால் கடை டிஷர்ட்டின் அடியில் இரண்டு வரியாக ஓடுகிற மடிப்புத் தையல் இதில் வராது. அது வேறு மெஷின், திருப்பூரில் 'பேட்லாக்' என்பார்கள். நானே வரும் என்று நம்பித்தான் வாங்கினேன்.

ஒரு அசம்பாவிதம். வீட்டுக்காரரின் குர்தாவுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தேன், முன்பக்கத் துணி கீழே மடங்கி உள்ளே போனதைக் கவனிக்கவில்லை. எடுத்துப் பார்த்தால் நெஞ்சுப் பக்கத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு அரைவட்டமாக ஒரு ஓட்டை. வெட்டினதோடு விடாமல் அந்த ஓட்டைக்கு அழகாக ஓரமும் அடித்து வைத்திருந்தது! அங்கே ஒரு பாக்கெட் வைத்துச் சமாளித்தேன், இன்றுவரை அவருக்குத் தெரியாது. கத்தி இருக்கிற மெஷினில் இடது கை எப்போதும் துணிக்கு அடியில் தடவிக்கொண்டே இருக்க வேண்டும். குண்டூசி கூடவே கூடாது, கத்தியில் பட்டால் கத்தி போச்சு. துணி காயப்போடுகிற கிளிப் போதும்.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு முறையும் பஞ்சைப் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள், ஊதாதீர்கள், உள்ளேதான் போகும். நம் ஊர்க் காற்றுக்கு இரண்டு மாதம் தொடாமல் விட்டால் கத்தியில் துரு தெரியும், அதனால் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. என் சித்தி மாதிரி தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், பிசின் மாதிரி இறுகிவிடும்.

லூதியானாவில் செய்கிற மூன்று நூல் மெஷின் விலை ரொம்பக் குறைவு, கால்மிதி ஸ்டாண்டிலேயே மாட்டலாம். ஓரம் அடிக்க அது போதும், பனியன் துணியைச் சேர்த்துத் தைக்க நாலு நூல்தான் உறுதி. கார்மென்ட்ஸ் கம்பெனி மெஷின் செகண்ட்ஹேண்டில் சல்லிசாகக் கிடைக்கிறது என்று ஆசைப்படாதீர்கள். நிமிடத்துக்கு ஐயாயிரம் தையலுக்கு மேல் போகும், மேஜையோடு அரை அறையை அடைத்துக்கொள்ளும், கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார்.

கடைக்குப் போகும்போது உங்கள் வீட்டுத் துண்டுத் துணிகளையே கொண்டுபோங்கள், பழைய பனியன் ஒன்று, ஷிபான் கொஞ்சம், நாலாக மடித்த ஜீன்ஸ். ஓட்டிக் காட்டி முடித்ததும் நாலு நூலையும் உருவச் சொல்லி, நீங்களே முதலிலிருந்து கோர்த்துப் பாருங்கள். கடைக்காரர் கடிகாரத்தைப் பார்ப்பார், பார்க்கட்டும்.