தோற்றுக்கொடுத்த ஆட்டம்

வணக்கம் சார்,

உங்களை நெடுநாளாகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. போன வருடம் எங்கள் பக்கத்து வீட்டுக்கு ஒரு அம்மாவும் மகனும் குடிவந்தார்கள். மகனுக்கு ஏறக்குறைய என் வயது. பிறவியிலிருந்தே செரிபிரல் பால்சி. சக்கர நாற்காலிதான், கைகள் சொன்னபடி கேட்காது, பேச்சு குழறும். பெரிதாக வருமானம் இல்லை, அந்த அம்மாவாலும் முன்போல வேலைக்குப் போக முடிவதில்லை. முதலில் பழைய துணிமணி, ஒரு மின்விசிறி என்று கொடுத்தோம். ஆஸ்பத்திரிக்குக் காரில் கூட்டிப்போனேன். அப்புறம் அவர் செல்போனில் செஸ் ஆடுவார் என்று தெரிந்தது. எனக்கும் பிடிக்கும் என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் உட்கார ஆரம்பித்தேன். அவர் பேசுவதில் பாதி எனக்குப் புரியாது, புரிந்த மாதிரி தலையாட்டிக்கொள்வேன். சமீபத்தில் ஒரு நாள், சந்தோஷப்படட்டுமே என்று வேண்டுமென்றே தோற்றேன். கண்டுபிடித்துவிட்டார். முகம் மாறிவிட்டது, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். அதிலிருந்து நான் போகவில்லை. நல்லது நினைத்துத்தானே செய்தேன்? அதற்குச் சில நாள் முன்னால் கைமாற்றாகக் கொஞ்சம் பணமும் கேட்டிருந்தார், இன்னும் பதில் சொல்லவில்லை. இது இப்படியே வளர்ந்து கடைசியில் எல்லாம் நம் தலையில்தான் விழும் என்கிறாள் என் மனைவி. இப்படிப்பட்டவர்களோடு எப்படித்தான் சார் பழகுவது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் வெளியிடவில்லை.)

அன்புள்ள நண்பருக்கு,

அவர் கோபப்பட்டது நல்ல விஷயம், உங்கள் கடிதத்தில் எனக்கு நம்பிக்கை தந்த இடமே அதுதான். துணி கொடுத்து, மின்விசிறி கொடுத்து, காரில் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போகிற ஒருவரிடம் கையில் காசில்லாத யாரும் லேசில் முகத்தைத் திருப்ப மாட்டார்கள், அடுத்த மாதமும் கார் வேண்டியிருக்குமே. அதையும் மீறிக் கோபத்தைக் காட்டினார் என்றால் அந்த நேரத்தில் அவர் உங்களை எதிரே உட்கார்ந்து ஆடுகிற ஆளாக மட்டும்தான் நினைத்திருக்கிறார். நீங்கள்தான் ஆட்டத்தின் நடுவில் எழுந்து போய் மறுபடி கொடையாளி ஆகிவிட்டீர்கள். கைகள்தான் அவர் சொன்னபடி கேட்காது, எதிராளி ராணியைச் சும்மா தூக்கிக் கொடுத்தால் கூடவா தெரியாமல் போகும்?

யோசித்துப் பாருங்கள், அவருடைய உடம்பு கணக்கில் வராத இடம் அவருக்கு எத்தனை இருக்கும்? அந்த 64 கட்டங்கள் அப்படி ஒரு இடம். அங்கேயும் வந்து சலுகை கொடுத்தால் கடுப்பாகாதா.

உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் ஆட்ட விதிகளில் ஒரு விதி உண்டு. காய்களைத் தானே நகர்த்த முடியாத ஆட்டக்காரர் ஓர் உதவியாளரை வைத்துக்கொள்ளலாம், அந்த ஆளை நடுவர் ஏற்றுக்கொண்டால் போதும். உதவியாளர் காயை எடுத்து வைப்பார், அவ்வளவுதான். எந்தக் காய், எந்தக் கட்டம் என்பது ஆட்டக்காரர் பாடு, தோற்றாலும் அவர் தோற்றதுதான். நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதிலில் முக்கால்வாசி இந்த விதிக்குள்ளேயே இருக்கிறது. அதனால் அடுத்த ஞாயிறு போங்கள், மன்னிப்பு, விளக்கம் என்று ஒரு நாடகம் போடாமல் ‘அன்றைக்கு விட்டுக்கொடுத்தேன், இனிமேல் மாட்டேன்’ என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். கடிகாரம் வைத்து ஆடினால் மட்டும் அவர் கைக்குத் தேவையான நேரத்தைச் சேர்த்து வையுங்கள், அது சலுகையில் சேராது.

சரி, பேச்சுக்கு வருவோம். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் தோற்றுக்கொடுத்ததைவிட அந்தத் தலையாட்டல்தான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. செரிபிரல் பால்சி என்பது பிறப்பதற்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த கொஞ்ச காலத்துக்குள்ளோ மூளையில் ஏற்படுகிற பாதிப்பு. தசைகளை அசைப்பதும் அடக்குவதும் அதனால் சிரமமாகிறது. உதடு, நாக்கு, தொண்டை, மூச்சு எல்லாமே தசைகளின் வேலைதான் என்பதால் பேச்சும் மாட்டிக்கொள்கிறது. சொல்ல வேண்டிய வாக்கியம் பலருக்கு உள்ளே தெளிவாக இருக்கும், வெளியே வரும் வழியில்தான் தகராறு. பதற்றமோ அவசரமோ சேர்ந்தால் தசைகள் இன்னும் இறுகும், அதனால் நீங்கள் அவசரப்படுத்துகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டால் இன்னும் குழறும். நீங்கள் புரிந்த மாதிரி தலையாட்டும்போது அவருக்குத் தெரியாமல் போகாது, இத்தனை வருடமாக எத்தனை பேர் அப்படித் தலையாட்டிப் பார்த்திருப்பார்.

‘புரியவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள்’ என்று கேட்பதில் அவமரியாதை எதுவும் இல்லை. இரண்டாவது தடவையும் பிடிபடவில்லை என்றால் பிடிபட்ட வரைக்கும் நீங்கள் திருப்பிச் சொல்லுங்கள். ‘அம்மா என்று சொன்னது புரிந்தது, அம்மாவுக்கு என்ன?’ என்று கேட்டால் அவர் முழு வாக்கியத்தையும் முதலிலிருந்து இழுக்க வேண்டியதில்லை, விட்ட இடத்தை மட்டும் சொன்னால் போதும். அப்படியும் முடியாதபோது ஆமாம், இல்லை என்று பதில் சொல்கிற மாதிரிக் கேள்வியாகக் கேளுங்கள். போனில் செஸ் ஆடுகிறவர் இரண்டு எழுத்துத் தட்டியும் காட்டலாம், ஆனால் எது வசதி என்று அவரைக் கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாகப் போனை எடுத்து நீட்டாதீர்கள். டிவி ஓடினால் அணைத்துவிட்டு, அவர் நிமிர்ந்து பார்க்க வேண்டியிராத உயரத்தில், நேர் எதிரே உட்காருங்கள். அவர் முடிக்கும் முன் வாக்கியத்தை நீங்கள் முடித்துவைக்காதீர்கள், சரியாகவே முடித்தாலும் எரிச்சலாகத்தான் இருக்கும். பேசுவது அவருக்கு உடம்பு வேலை, களைத்துவிட்டால் பேசாமல் ஆடுங்கள். ஒருவருடைய மோசமான கையெழுத்து முதல் கடிதத்தில் தலைவலியாக இருந்து, நாலைந்து கடிதத்துக்குப் பிறகு நாம் அதைக் கவனிப்பதுகூட இல்லையே, இதுவும் அப்படிப் பழகிவிடும், ஆனால் தலையாட்டித் தப்பித்துக்கொண்டே இருந்தால் பழகாது.

‘அவருக்கு உடம்பு எப்படி இருக்கு?’ என்று அவர் முன்னாலேயே அம்மாவைக் கேட்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். நாற்காலியைக் கேட்காமல் தள்ளுவதும் அப்படித்தான், அதில் சாய்ந்து நிற்பதும் அவர் தோளில் சாய்ந்து நிற்கிற மாதிரிதான். தூக்கிவிடச் சொன்னால் எப்படித் தூக்குவது என்று அவரையோ அம்மாவையோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், பரோபகார வேகத்தில் கக்கத்தில் கைகொடுத்து இழுத்தால் தோள் பிசகிவிடும்.

இப்படிப்பட்டவர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் உலகத்தில் ஏறத்தாழ 130 கோடிப் பேர் கணிசமான உடற்குறையோ வேறு குறைபாடோ கொண்டு வாழ்கிறார்கள், ஆறு பேரில் ஒருவர். அத்தனை பேரோடும் பழகுகிற வழி யாருக்கும் தெரியாது. உங்களுக்கு வேண்டியது பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரோடு பழகுவது, அவர் யாரென்று உங்களுக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை. இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு அவருக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டால் செஸ் தவிர என்னால் எதுவும் சொல்ல முடியாது. யார் மேல் கடுப்பு, எதைப் பார்த்துச் சிரிப்பார், பண விஷயத்தில் சூதானமானவரா ஊதாரியா? அவருக்கு உங்களைப் பற்றி என்ன தெரியும் என்பது அடுத்த கேள்வி. ஆபீசில் உங்களுக்கு இருக்கும் தலைவலி எதையாவது அவரிடம் புலம்பியிருக்கிறீர்களா? புலம்பிப் பாருங்கள். எனக்கு வேண்டிய ஒருவர் பல வருடமாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறார், வீட்டில் ஏதாவது குழப்பம் என்றால் முதலில் அவரிடம்தான் போய் நிற்பேன், இரக்கமே இல்லாமல் திட்டுவார்.

அமெரிக்காவில் எட் ராபர்ட்ஸ் என்று ஒருவர் இருந்தார். 1953-இல், 14 வயதில், போலியோவால் கழுத்துக்குக் கீழே செயலிழந்துபோனது, மூச்சுக்கே இயந்திரம் வேண்டும். படிக்க உதவி கேட்டபோது, இவரால் ஒருநாளும் வேலை பார்க்க முடியாது என்று கலிபோர்னியாவின் மறுவாழ்வுத் துறை முதலில் மறுத்தது. 1962-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார், 1975-இல் அதே துறைக்கு இயக்குநராகப் போய் உட்கார்ந்தார். எனக்கு அந்தப் பதவி பெரிய விஷயமில்லை, உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் எந்த நாற்காலியையும் பிடித்துக் காட்ட வேண்டியதில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது ராபர்ட்ஸும் அவரது கூட்டாளிகளும் பேசிய சுதந்திரம். சட்டையை யார் மாட்டிவிட்டாலும் எந்தச் சட்டை, எத்தனை மணிக்கு என்பதைத் தானே முடிவு செய்கிறவர் சுதந்திரமானவர் என்றார்கள். ஃபிடே விதியும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது.

பண விஷயத்தை நீட்ட விரும்பவில்லை. நல்ல கைகால் உள்ள பக்கத்து வீட்டுக்காரர் கைமாற்றுக் கேட்டால் என்ன செய்வீர்களோ அதையே செய்யுங்கள். திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்கிற தொகையாக இருந்தால் கொடுங்கள், முடியாது என்றால் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். பதில் சொல்லாமல் வீட்டுப் பக்கமே போகாமல் இருப்பதுதான் மோசம். செஸ்ஸால் போகவில்லையா, பணத்தால் போகவில்லையா என்று அவர் அங்கே உட்கார்ந்து குழம்பிக்கொண்டிருப்பார்.

உங்கள் மனைவியின் பயத்தைத் தட்டிக்கழிக்காதீர்கள், அதில் நியாயம் இருக்கிறது. ‘எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்’ என்று பெருந்தன்மையாக அள்ளிவிட்டு நாலு மாதத்தில் போனை எடுக்காமல் போகிறவர்கள் நிறைய. ஞாயிறு காலை வருவேன், மாதம் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குக் கார் எடுக்க முடியும், ராத்திரி அவசரம் என்றால் கதவைத் தட்டலாம், மற்றபடி வேலை நாளில் என்னை எதிர்பார்க்க வேண்டாம் என்று அளந்து சொல்லுங்கள், சொன்னதைச் செய்யுங்கள். வர முடியாத ஞாயிறு முன்கூட்டியே ஒரு மெசேஜ் போடுங்கள். தானாக வெளியே கிளம்ப முடியாதவருக்குக் காத்திருந்து ஒரு காலை வீணாவது நமக்கு ஆவதைவிட அதிகம். உங்கள் வட்டத்தில் செஸ் ஆடுகிறவர்கள் யாராவது இருந்தால், அவருக்குச் சம்மதமா என்று கேட்டுவிட்டு ஒருநாள் கூட்டிப்போங்கள். ஒரே ஆள்மேல் எல்லாம் விழாமல் இருக்க அதுதான் வழி, அவருக்கும் உங்களையே நம்பியிருக்கிற சங்கடம் குறையும்.

அப்புறம் அந்த அம்மா. கடிதத்தில் அவரைப் பற்றி ஒரே வரிதான் இருக்கிறது, முன்போல வேலைக்குப் போக முடிவதில்லை என்று. இத்தனை வருடமாக மகனைத் தூக்கி இறக்கியவருடைய முதுகும் முட்டியும் எப்படி இருக்கும் என்று ஊகிக்க டாக்டர் வேண்டாம். அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குக் கார் எடுக்கும்போது, அந்த அம்மா தனக்காக டாக்டரிடம் காட்ட வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

அன்புடன்.